புல்லு வெட்டுற மெசினை வீட்டிலேயே சேர்விஸ் செய்வது: பிளக் வயரிலிருந்து பனிக்காலம் வரை

ஏப்ரல் கடைசியில் ரொறன்ரோவில் ஸ்னோ கரைந்து முடிய, இரண்டு மழையும் ஒரு வெயிலும் போதும், பின்வளவுப் புல் கணுக்காலைத் தாண்டிவிடும். 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளரவிடக் கூடாது என்று நகரசபை விதியும் இருக்கிறது. அந்த அவசரத்தில், கராஜ் மூலையில் ஆறு மாதம் கிடந்த மெசினை வெளியே இழுத்துக் கயிற்றை இருபது தரம் இழுப்போம், ஸ்ராட் வராது. திருத்துகிற கடைகளிலோ மே மாதம் முழுக்க வரிசைதான்.

இது வீட்டில் செய்யக்கூடிய வேலை. 90களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல் தங்கம் மாதிரி. காபரேற்றருக்குள் (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்) நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்டுத்தான் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்தோம். அப்பா வாட்டர் பம்பின் காபரேற்றரைக் கழற்றி, சாக்கு விரித்து, ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிய ஒழுங்கிலேயே அடுக்கி வைப்பார். எங்கள் வளவில் நிற்கிற மெசினில் இருப்பதும் அதே மாதிரியான ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்தான். ஒரேயொரு வித்தியாசம், இதன் அடியில் ஒரு பிளேட் சுற்றுகிறது. 53 சென்ரிமீற்றர் பிளேட் நிமிடத்துக்கு 3000 தரம் சுற்றினால் அதன் நுனி மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் போகும். அதனால் ஒயில், பில்ரர் எல்லாவற்றுக்கும் முன்னால் பாதுகாப்பு.

பிளக் வயரைக் கழற்றாமல் கீழே கை வைக்க வேண்டாம்

எனக்குத் தெரிந்த ஒரு அண்ணர், ஸ்காபரோவில்தான், ஈரப்புல் வெட்டும்போது அடியில் புல் கட்டிப்பட்டு மெசின் நின்றுவிட்டது. கைபிடியோடு சேர்த்து அமத்திப் பிடிக்கிற கம்பி இருக்கிறதல்லவா, அதைப் பிடித்துக் கை உளைகிறது என்று எப்போதோ ஒரு கயிற்றால் கட்டி விட்டிருந்தார். மெசினைச் சரித்து, உள்ளே கையை விட்டுப் புல்லை இழுத்தார். பிளேட் அரைச் சுற்றுத் திரும்ப, எஞ்சின் ஒரு தரம் வெடித்து உதைத்தது. இரண்டு விரல்களில் பதினொரு தையல். இன்றைக்கும் குளிருக்கு அந்த விரல்கள் விறைத்துப்போகும்.

அந்தக் கம்பியை விட்டவுடன் பிளேட் 3 விநாடிக்குள் நிற்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1982 இலிருந்து சட்டம் இருக்கிறது. கனடாவில் கிடைக்கும் மெசின்களிலும் அதே அமைப்புத்தான். பெரும்பாலான மெசின்களில் கம்பியை விட்டால் பிளேட் நிற்பதோடு, எஞ்சினுக்குள் பெற்றோலைப் பற்றவைக்கும் பிளக்குக்கு மின்பொறி போவதும் அறுபடும். அதைக் கட்டி வைத்தால் இரண்டு காவலும் போய்விடும். தயவுசெய்து கட்டாதீர்கள். கட்டியிருந்தால் இன்றைக்கே அவிழ்த்து விடுங்கள்.

பொறி இல்லாவிட்டாலும் ஆபத்து முழுதாகப் போவதில்லை. பிளேட்டைக் கையால் திருப்பும்போது பிஸ்ரன் உள்ளே காற்றை அமுக்குகிறது. விட்டவுடன் அந்தக் காற்று பிளேட்டைத் திருப்பித் தள்ளும். ஆகவே ஒழுங்கு இதுதான்: எஞ்சின் நின்று, சைலன்சர் ஆறி, பிளக்கின் தலையில் இருக்கும் றப்பர் தொப்பியைப் பிடித்து (வயரைப் பிடித்து அல்ல) இழுத்துக் கழற்றி, அது தானாகத் திரும்பிப் போய்ப் பிளக்கைத் தொடாதபடி தூரத்தில் மடக்கி வையுங்கள். தடித்த கையுறை போடுங்கள். பிளேட் அசையாதபடி அதற்கும் மெசின் சுவருக்கும் இடையில் ஒரு மரத்துண்டை இறுக்கி விடுங்கள். புல் சுரண்டுவதற்கு மரக்கரண்டியோ பிளாஸ்ரிக் சுரண்டியோ போதும், விரல் வேண்டாம்.

பெற்றோல் விடயமும் அப்படித்தான். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, நிலத்தோடு நிலமாக ஊர்ந்து போகும். கராஜிலோ பேஸ்மெண்டிலோ வோட்டர் ஹீற்றர் எரிந்துகொண்டிருந்தால் அங்கே பெற்றோல் ஊற்றுவதும் வடிப்பதும் கூடவே கூடாது. வெளியில், எஞ்சின் ஆறிய பிறகு, கானை நிலத்தில் வைத்து நிரப்புங்கள். கராஜ் கதவு திறந்திருந்தாலும் உள்ளே வைத்து ஓட்டிப் பார்க்காதீர்கள். காபன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை, வீட்டுக்குள் போகிற கதவின் இடுக்கு அதற்குப் போதும்.

எந்தப் பக்கம் சரிப்பது

இதைப் பலர் கவனிப்பதில்லை. காபரேற்றரும் எயர் பில்ரரும் இருக்கிற பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். மாறிச் சரித்தால் ஒயில் காபரேற்றருக்குள்ளும் பில்ரருக்குள்ளும் சிலிண்டருக்குள்ளும் போய்விடும். நான் ஒருமுறை அவசரத்தில் மாறிச் சரித்துவிட்டு ஸ்ராட் பண்ண, பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்புக்கு அழைக்கப் போகும் அளவுக்கு வெள்ளைப் புகை வந்தது. அப்படி நடந்தால் பயப்பட வேண்டாம், ஒயில் பட்ட பில்ரரை மாற்றி, ஒயில் அளவைப் பார்த்து, வெளியில் சில நிமிடம் ஓடவிட்டால் உள்ளே போன ஒயில் எரிந்து புகை நின்றுவிடும். ஆனால் கயிறு இழுபடாமல் இறுகி நின்றால் பலவந்தமாக இழுக்காதீர்கள். சிலிண்டருக்குள் ஒயில் நிரம்பியிருக்கலாம். பிளக்கைக் கழற்றி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, ஓட்டையைத் துணியால் மறைத்துக் கயிற்றை மெல்ல இழுத்தால் ஒயில் வெளியே வந்துவிடும்.

சரிக்க முன் பெற்றோல் தாங்கியை வெறுமையாக்குவது நல்லது, மூடியால் ஒழுகும்.

வருடத்துக்கு ஒருமுறை செய்யும் சேர்விஸ்

முதலில் ஒயில். எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிற்பாட்டினால் ஒயில் இளகி, அழுக்கையும் சேர்த்துக்கொண்டு வடியும். பிளக் வயரைக் கழற்றிவிட்டு, ஒயில் ஊற்றும் வாய்ப் பக்கமாகச் சரித்துப் பழைய பாத்திரம் ஒன்றில் வடியுங்கள். சைலன்சர் சுடும், கை படாமல் பாருங்கள். புது ஒயில் எஸ்ஏஇ 30 அல்லது 10டபிள்யூ-30. கனடாவில் வசந்தத்தில் காலைக் குளிர் இருப்பதால் நான் 10டபிள்யூ-30 தான் பாவிக்கிறேன். சிறிய எஞ்சின்களுக்கு அரை லீற்றர் அளவில்தான் பிடிக்கும், ஹொண்டா ஜிசிவி 160 என்றால் 0.55 லீற்றர். ஒரு லீற்றர் போத்தலை முழுவதும் கவிழ்த்துவிடாதீர்கள், கூடின ஒயிலும் புகைக்கும், எஞ்சினுக்கும் கூடாது. அளவு பார்க்கும் கோலைச் சில மெசினில் திருகாமல் வைத்துப் பார்க்க வேண்டும், சிலதில் முழுக்கத் திருகிப் பார்க்க வேண்டும். கையேட்டில் உங்கள் மெசினுக்கு எது என்று இருக்கும். புது மெசினாக இருந்தால் முதல் 5 மணித்தியாலத்தில் ஒருமுறை மாற்றி, பிறகு 50 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. எங்கள் சின்ன வளவுகளுக்கு அது ஏறக்குறைய ஒரு கோடைகாலம். பிறிக்ஸ் அன்ட் ஸ்ராட்டனின் சில புதிய எஞ்சின்களில் ஒயில் மாற்றத் தேவையில்லை, குறைந்தால் ஊற்றினால் போதும் என்று அவர்களே எழுதியிருப்பார்கள். பழைய ஒயிலை மூடியுள்ள போத்தலில் விட்டு நகரசபையின் அபாயக் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள். தெருவோர வடிகாலில் ஊற்றினால் அது கடைசியில் போய்ச் சேருவது நாங்கள் குடிக்கிற தண்ணீர் வருகிற ஒன்ராறியோ ஏரிக்கு.

எயர் பில்ரர் கடதாசியா ஸ்பொஞ்சா என்று பாருங்கள். கடதாசி என்றால் மேசை விளிம்பில் மெல்லத் தட்டுங்கள், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளி ஊடுருவ வேண்டும், இல்லையென்றால் புதிது வாங்குங்கள். அதைக் கழுவவும் கூடாது, ஒயில் போடவும் கூடாது. ஸ்பொஞ்ச் என்றால் கோப்பை கழுவும் சவர்க்காரத்தில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, சில துளி எஞ்சின் ஒயில் விட்டுப் பிசைந்து, மிச்சத்தைப் பிழிந்துவிட்டுப் போடுங்கள்.

பிளக்கைக் கழற்றினால் அது எஞ்சினின் கதையைச் சொல்லும். நுனி இளம் பழுப்பாக இருந்தால் எல்லாம் சரி. காய்ந்த கரி படிந்திருந்தால் பில்ரர் அடைத்திருக்கிறது அல்லது சோக் (குளிரில் ஸ்ராட் பண்ணும்போது காற்றைக் குறைக்கும் தகடு) முழுதாகத் திறக்கவில்லை. ஒயில் பிசுபிசுத்தால் மாறிச் சரித்திருக்கிறீர்கள், இல்லாவிட்டால் எஞ்சின் தேய்ந்திருக்கிறது. ஜிசிவி 160க்குப் பிளக் நுனியில் பொறி பாயும் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர். திரும்பப் போடும்போது முதல் சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். சிலிண்டர் தலை அலுமினியம், மரை சரியாக ஏறாமல் ஸ்பானரால் முறுக்கினால் மரை அழிந்து ஐந்து டொலர் வேலை இருநூறு டொலர் வேலையாகிவிடும். கையால் திருகிப் பிளக் அடியில் போய் முட்டிய பிறகு, புதுப் பிளக் என்றால் அரைச் சுற்று, பழையது என்றால் கால் சுற்றுக்குள் போதும்.

பிளேட். கழற்றும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள், எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பிறகு சந்தேகம் வராது. வளைந்து உயர்ந்த இறக்கைப் பக்கம் எப்போதும் மெசினை நோக்கி மேலே இருக்க வேண்டும். பழைய வெட்டுக் கோணத்தையே பின்பற்றி, ஏறக்குறைய 30 பாகையில், அரத்தால் ஒரே திசையில் தேயுங்கள். கிரைண்டர் பாவித்தால் இரும்பு நீலமாகும்வரை சூடாக்க வேண்டாம், பதம் போய்விடும். சவரக் கத்தி மாதிரித் தேவையில்லை, வெண்ணெய்க் கத்தியைவிடக் கொஞ்சம் கூர்மை போதும். பிறகு நடு ஓட்டையைச் சுவரிலுள்ள ஆணி ஒன்றில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். வெடிப்பு இருந்தால், வளைந்திருந்தால், இறக்கை மெலிந்து கடதாசி போல ஆகியிருந்தால் எறிந்துவிட்டுப் புதிது. நட்டைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள், இதில் குத்துமதிப்பு வேண்டாம்.

ஸ்ராட் வரவில்லை என்றால்

முதலில் பெற்றோலை மணந்து பாருங்கள். புதுப் பெற்றோலின் மணம் மூக்கில் ஏறும், பழையது வார்னிஷ் மாதிரி மந்தமாக நாறும். எத்தனை வீதம் வரை எதனோல் (பெற்றோலில் கலக்கும் மதுசாரம்) இருக்கலாம் என்று பம்பில் ஒட்டியிருப்பார்கள். எதனோல் ஈரத்தை இழுக்கும், அளவுக்கு மிஞ்சிப் போனால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து தாங்கியின் அடியில் நிற்கும். பெற்றோலுக்கு ஆயுள் ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன செப்ரெம்பரில் ஊற்றியதை மே மாதம் ஓட்டப் பார்ப்பதுதான் வசந்தகாலத்துப் பிரச்சினைகளில் பெரும்பங்கு. அதை வடித்துவிட்டுப் புது 87 ஒக்ரேன் (சாதாரண) பெற்றோல் ஊற்றுங்கள். எதனோல் 10 வீதத்துக்கு மேல் உள்ள ஈ15, ஈ85 இந்த எஞ்சின்களுக்கு ஆகாது.

புதுப் பெற்றோலுக்கும் வரவில்லை என்றால் பொறி வருகிறதா என்று பாருங்கள். கடையில் பத்துப் பதினைந்து டொலருக்கு ஒரு சின்ன பரிசோதனை விளக்கு இருக்கிறது, வயருக்கும் பிளக்குக்கும் இடையில் மாட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுத்தால் மின்னும். பிளக்கைக் கழற்றி எஞ்சினில் தொடவைத்துப் பார்க்கும் பழைய முறையை விட்டுவிடுங்கள், திறந்த ஓட்டையால் வரும் பெற்றோல் ஆவியில் பொறி பட்டால் தீப்பிடிக்கும்.

பொறியும் இருக்கிறது, பெற்றோலும் புதிது, ஆனால் ஸ்ராட் வந்து மூன்று நான்கு விநாடியில் நின்றுவிடுகிறதா? அது காபரேற்றர்.

காபரேற்றரைத் துப்புரவாக்குதல்

பாதிப் பேர் இந்த இடத்தில் புது மெசின் வாங்கப் போய்விடுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம், ஏனென்றால் ஒரு மணித்தியால வேலை, ஒரு போத்தல் காபரேற்றர் கிளீனர், அவ்வளவுதான். பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், அந்தத் திரவம் சின்ன ஓட்டைகளால் திரும்பிக் கண்ணுக்கே பீறிடும்.

பிளக் வயர் கழற்றியாயிற்றா? சரி. பெற்றோல் குழாயை மென்மையாக நசுக்கிப் பிடித்து அடைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தாங்கியை வடித்துவிடுங்கள். எயர் பில்ரரின் பெட்டியைக் கழற்றினால் காபரேற்றர் தெரியும், அதன் அடியில் ஒரு சின்னக் கிண்ணம் தொங்கும். கிண்ணத்தின் அடியில் ஒரே ஒரு போல்ற், பெரும்பாலும் 10 அல்லது 13 மில்லிமீற்றர். கீழே ஒரு தகரப் பேணி வைத்துக்கொண்டு அதைக் கழற்றுங்கள்.

கிண்ணத்தை வெயிலில் சரித்துப் பாருங்கள். நான் கடைசியாகக் கழற்றிய கிண்ணத்தில் அடியில் கண்ணீர்த்துளி மாதிரி ஒரு தண்ணீர்க் குமிழ், பெற்றோலோடு கலக்காமல் தனியாக உருண்டு திரிந்தது. சுவரில் பாசி மாதிரிப் பச்சைப் படிவு. நடுவில் இருக்கும் பித்தளைத் தண்டின் நுனியில் உள்ளதுதான் ஜெட், சில மெசினில் அந்த போல்ற்றிலேயே ஜெட் ஓட்டை இருக்கும். அதைக் கழற்றி வானத்துக்கு எதிரே பிடித்தேன், ஒளி தெரியவில்லை. எஞ்சின் குடிக்கிற பெற்றோல் முழுவதும் குண்டூசி முனையளவு ஓட்டை ஒன்றால்தான் போகிறது, அதில் ஒரு துளி பிசின் காய்ந்திருந்தால் போதும்.

கிளீனரை அடித்துப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு பழைய மின்வயர் ஒன்றை உரித்து அதில் ஒரேயொரு செம்பு இழையை எடுத்து மெல்ல விட்டு எடுங்கள். செம்பு பித்தளையைக் கீறாது, துளைக்கிற ஊசியோ இரும்புக் கம்பியோ ஓட்டையைப் பெருப்பித்துவிடும், பிறகு மெசின் எப்போதும் கறுப்புப் புகைதான் கக்கும். தண்டின் பக்கவாட்டிலும் சின்ன ஓட்டைகள் வரிசையாக இருக்கும், அவற்றையும் பாருங்கள். திரும்ப வெளிச்சத்தில் பிடியுங்கள். வட்டமாக, சுத்தமாக ஒரு ஒளிப்புள்ளி தெரிகிறவரை விடக் கூடாது.

மிதவையையும் அதற்கு மேலே உள்ள ஊசியையும் பார்த்துவிடுங்கள். ஊசியின் றப்பர் நுனியில் வளையம் மாதிரிப் பள்ளம் விழுந்திருந்தால் பெற்றோல் நிற்காமல் ஒழுகும், மாற்ற வேண்டும். கிண்ணத்து றப்பர் வளையம் கிளீனர் பட்டால் ஊதிவிடும், அதை முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். எல்லாவற்றையும் பூட்டி, பெற்றோலைத் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருந்து ஒழுக்கு இல்லை என்று பார்த்த பிறகுதான் பிளக் வயரை மாட்டுங்கள்.

ஹொண்டா 2023 இல் வட அமெரிக்காவில் புல்லு வெட்டுற மெசின் தயாரிப்பை நிறுத்திவிட்டது. இருந்தாலும் ஜெட், றப்பர் வளையம், பில்ரர் எல்லாம் தாராளமாகக் கிடைக்கின்றன, அதற்காகப் பழைய ஹொண்டாவை எறிய வேண்டாம்.

வேறு குணங்கள், வேறு காரணங்கள்

ஓடும்போது சத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி வருகிறதா? பெற்றோல் போதாமல் எஞ்சின் தேடுகிறது. ஜெட் பாதி அடைத்திருக்கும், அல்லது காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையில் காற்றுப் புகாமல் வைத்திருக்கும் மெல்லிய கஸ்கற் கிழிந்து காற்று இழுக்கும்.

இருபது நிமிடம் ஒழுங்காக ஓடி நின்று, கொஞ்சம் பொறுத்தால் திரும்ப வருகிறதா? பெற்றோல் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். மூடியிலுள்ள காற்று ஓட்டை அடைத்தால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெற்றோல் இறங்காது. தளர்த்தியும் அப்படியே என்றால், சூடேறும்போது பொறி போய்விடுகிறதா என்று அந்தச் சின்ன விளக்கால் சூட்டோடு சூடாகப் பாருங்கள். பொறி இல்லையென்றால் பொறியை உண்டாக்கும் கொயில் பழுது.

மரவேர் அல்லது கல்லில் அடித்த பிறகு ஸ்ராட் வரவில்லை, கயிறு கையைத் திருப்பி வெட்டி இழுக்கிறது என்றால், எஞ்சினுக்கு மேலே சுற்றும் பாரச்சில்லைத் (ஃபிளைவீல்) தண்டோடு பிடிக்கும் சின்ன உலோகச் சாவி அறுந்திருக்கும். அது அறுபடுவதற்கென்றே மென்மையான உலோகத்தில் செய்தது. அறுந்தால் பொறி தவறான நேரத்தில் வரும். சாவி மலிவு, பாரச்சில்லைக் கழற்றச் சரியான இழுப்பான் தேவை, சுத்தியலால் அடிக்க வேண்டாம். அடிபட்ட பிறகு மெசின் அதிர்ந்தால் முதலில் பிளேட்டை மாற்றிப் பாருங்கள். புதுப் பிளேட்டோடும் அதிர்ந்தால் தண்டே வளைந்திருக்கும், அந்த மெசினை அதற்குப் பிறகு ஓட்டாதீர்கள்.

பனிக்காலத்துக்கு வைக்கும்போது

ஒக்ரோபர் கடைசி வெட்டுக்கு முன், பெற்றோல் கெடாமல் காக்கும் திரவத்தைப் புதுப் பெற்றோலில் அளவாகக் கலந்து பத்து நிமிடம் ஓடவிடுங்கள், அது காபரேற்றர் வரை போய்ச் சேர வேண்டும். நான் அதோடு நிற்பதில்லை, தாங்கியை வடித்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, கிண்ணத்து போல்ற்றையும் தளர்த்திக் கடைசித் துளியை வடித்துவிடுவேன். வடித்த பெற்றோல் புதிதாக இருந்தால் காருக்குள் ஊற்றிவிடலாம். அடியில் ஒட்டிய புல்லைச் சுரண்டிக் காயவிடுங்கள், ஈரப்புல் தகட்டைத் தின்னும். பிளக்கைக் கழற்றி ஒரு மேசைக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, ஓட்டையைத் துணியால் மூடிக்கொண்டு கயிற்றை மெல்ல இரண்டு தரம் இழுத்தால் சிலிண்டர் சுவரில் பரவும். பிளக்கைப் போடுங்கள், வயரை மாட்டாமல் விடுங்கள். கைபிடியில் ஒரு சின்ன மட்டையைக் கட்டி, ஒயில் மாற்றிய திகதி, பெற்றோல் வெறுமை, பிளக் வயர் கழற்றியிருக்கிறது என்று எழுதி வையுங்கள். ஏப்ரலில் மெசினை இழுக்கப் போவது நீங்களாகத்தான் இருக்கும் என்றில்லை, வீட்டில் பிள்ளைகளாகவும் இருக்கலாம்.